ஆங்கிலப் பக்கம் புரியவில்லை: மொழிபெயர்ப்பா, அகராதியா, எளிய நடையா, வரி பிரிப்பா?

“டூ நாட் டிலீட் தி ஃபைல் அன்லெஸ் தி செக் ஃபெயில்ஸ்.”

ஒரு மென்பொருள் ஆவணத்தில் இருந்த வரி. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த பெண் அந்தப் பக்கத்தை ஒரே சொடுக்கில் தமிழாக்கிப் படித்திருக்கிறாள். தமிழில் கிடைத்தது இது: “சோதனை தோல்வியடைந்தால் கோப்பை நீக்க வேண்டாம்.” இலக்கணம் சுத்தம், ஓட்டமும் நன்றாகவே இருக்கிறது. பொருள் மட்டும் தலைகீழ். சோதனை தோற்றால் நீக்கு, தோற்காதவரை கோப்பைத் தொடாதே என்பதுதான் மூலம். தமிழை நம்பி, கெட்டுப்போன கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

“தமிழ்ல தெளிவா இருந்துச்சேண்ணா” என்றாள் பிறகு.

தெளிவாகத்தான் இருந்தது. வம்பே அதில்தான்.

“அப்ப நான் எத வச்சுத்தான் படிக்கிறது?” என்று அடுத்த கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் திரையில் படிப்பதை எப்படி இலகுவாக்குவது என்று மென்பொருள் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போட்ட பாதைகளில் பெரியவை நான்கு. பக்கத்தையே மொழிபெயர்த்துவிடுவது, தெரியாத சொல்லுக்கு மட்டும் அந்த இடத்திலேயே பொருள் காட்டுவது, கடின ஆங்கிலத்தை எளிய ஆங்கிலமாக மாற்றுவது, சொல்லைத் தொடாமல் வரிகள் திரையில் அமையும் விதத்தை மட்டும் மாற்றுவது. நான்கையும் நான் பயன்படுத்துகிறேன், இரண்டைச் சின்ன உலாவி நீட்சிகளாக (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள்) எழுதியும் பார்த்திருக்கிறேன். வேகம், வசதி, செலவு என்று ஒப்பிட எத்தனையோ இருந்தாலும், நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இந்த உதவி தப்பு செய்தால், செய்தது எனக்குத் தெரியவருமா?

எங்கே மாட்டிக்கொள்கிறோம்

சொல் தெரியாததுதான் சிக்கல் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. ஹுவும் நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கதையைத் துணை எதுவும் இல்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்றது. அந்த அளவை எட்ட எத்தனை சொற்கள் வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்குப் போட்டார். எழுத்து ஆங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் என்று வந்தது (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 98 விழுக்காடு தெரிந்தவருக்கு அதில் ஆறு சொல் புதிது. 95 விழுக்காடு தெரிந்தவருக்குப் பதினைந்து. மூன்று விழுக்காடு வித்தியாசம்தான், ஆனால் முன்னவர் படிக்கிறார், பின்னவர் தடுக்கித் தடுக்கி நடக்கிறார்.

மீதிப் பாதி வாக்கிய அமைப்பு. தமிழில் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், வினை கடைசியில் வந்து கதவைச் சாத்தும். “சோதனையாளர்கள் சொன்ன பிழையை மட்டும்தான் போன வாரம் குழு வெளியிட்ட பேட்ச் சரிசெய்கிறது.” (பேட்ச் என்பது மென்பொருளின் பிழையைத் திருத்த வெளியிடும் சிறு ஒட்டு.) எதைக் கேட்டாலும் முடிவு வரும்வரை பொறுத்திருப்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும். வால் பின்னால் வரும், அந்த வாலுக்கு ஒரு வால், இடையில் எங்கோ வினை. எழுவாயையும் வினையையும் சேர்க்க நம் கண் தலையைச் சுற்றி மூக்கைத் தொடவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் புரியாமல் போவது இந்த இடத்தில்தான். எந்த அகராதியும் இங்கே கைகொடுக்காது.

இன்னொரு வகை மாட்டல் உண்டு. ‘அன்லெஸ்’, ‘ஒன்லி’, ‘மே’ போன்ற சின்னச் சொற்கள். தெரிந்த சொற்கள் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. வாக்கியத்தின் குடுமி இவற்றின் கையில்தான் இருக்கிறது.

முழுப் பக்க மொழிபெயர்ப்பு

கூகுள் மொழிபெயர்ப்பு 2006-இல் வந்தது. தமிழ் அதில் சேர்ந்தது 2011-இல். அன்று அது தந்த தமிழைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வேற்றுமை உருபுகள் ஒரு பக்கம், வினைகள் ஒரு பக்கம் என்று சொற்கள் சிதறிக் கிடக்கும். கேலி செய்ய வசதியாக இருந்தது. இன்று திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது. தப்பு தப்பாகவே தெரிந்தது. குழம்பிய வாக்கியத்தைக் கண்டதும் மூலத்துக்கு ஓடினோம்.

2017-இல் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளுக்கு நரம்பியல் வலைப்பின்னல் முறை வந்தது. சொற்றொடர்களைத் துண்டு துண்டாக ஒட்டுவதை விட்டுவிட்டு வாக்கியத்தை மொத்தமாகப் பார்க்கும் முறை. தரம் ஒரே தாண்டலில் உயர்ந்தது, மறுக்க முடியாது. ஆனால் இந்த முறை எது சரி என்று தடுமாறும்போதும் தடுமாற்றத்தைக் காட்டாது. வழவழப்பான ஒரு வாக்கியத்தைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். ‘அன்லெஸ்’ விழுந்த இடத்தில் ஒரு கீறல்கூடத் தெரியாது. முன்பு பத்துத் தப்பு செய்து பத்தையும் காட்டிக்கொடுத்தது. இன்று ஒன்றே ஒன்று செய்து அதையும் மூடி மறைத்துவிடுகிறது. எது ஆபத்து என்பது நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அதனால் மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இருபது பக்கங்கள் திறந்து கிடக்கின்றன, எதில் என் பிரச்சினை பேசப்படுகிறது என்று தெரியவேண்டும். இதற்கு மொழிபெயர்ப்பைவிட வேகமான வழி கிடையாது. ஆங்கிலத்தில் அரைகுறை அறிமுகம்கூட இல்லாதவருக்கும் இதுதான் வழி, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மற்ற மூன்று பாதைகளும் ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவருக்கானவை. தெரியாதவரிடம் போய் “மூலத்தைப் படி” என்பது நீச்சல் தெரியாதவரிடம் தண்ணீரின் ருசியைப் பேசுவதுபோல.

ஒரு வேறுபாட்டைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான சேவைகளில் பக்கத்தின் உரை வெளியே ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. அலுவலக உள்பக்கம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அப்படி அனுப்பலாமா என்று யோசிக்கவேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகம், பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகம் முதலியவை மொசில்லாவோடு சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பெர்கமோட் என்றொரு ஆய்வுத்திட்டத்தை நடத்தின. மொழிபெயர்ப்பு முழுவதும் பயனர் கணினியிலேயே நடக்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2023-இல் ஃபயர்ஃபாக்ஸின் 118-ஆம் பதிப்பில் அது உலாவிக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லா மொழிகளுக்கும் ஒரே தரத்தை அதில் எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் உரை உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

எப்படியானாலும் மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள முடிந்தால் பாதி ஆபத்து போய்விடும். மூலத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழை வைக்கும் வடிவம்தான் அந்தப் பெண்ணின் காலை வாரிவிட்டது.

சொல்லைத் தொட்டால் பொருள்

எனக்கு மிகவும் பிடித்த பாதை இது. குறைகளும் நன்றாகத் தெரியும்.

அகராதியைத் தனியாக வைத்துப் படிப்பதும் பொருள் பக்கத்திலேயே கிடைப்பதும் வேறு வேறு அனுபவங்கள். ஹுல்ஸ்டைன், ஹோலாண்டர், கிரைடானுஸ் மூவரும் 1996-இல் இதைச் சோதித்தார்கள். பிரெஞ்சு கற்கும் டச்சு மாணவர்களிடம் ஒரு பிரெஞ்சுக் கதை தரப்பட்டது. ஒரு பிரிவுக்குச் சொற்பொருள் ஓரத்திலேயே இருந்தது, இன்னொரு பிரிவுக்கு அகராதி. அகராதி கையில் இருந்தவர்கள் அதை அபூர்வமாகத்தான் புரட்டினார்கள். புரட்டிப் பார்த்த சொற்கள் நன்றாக நினைவில் நின்றன என்பது வேறு விஷயம். சோம்பல் மனித இயல்பு, வழியை ஒரு படி நீட்டினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். சொல்லைத் தொட்டதும் குமிழாகப் பொருள் காட்டும் நீட்சிகள் அந்த ஒரு படியை அகற்றுகின்றன.

தொடாமலே காட்டமுடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தின் டாம்பெரே பல்கலைக்கழகத்தில் உருவான ஐடிக்ட் என்ற கருவி வாசகரின் கண்ணைப் பின்தொடர்ந்து, பார்வை ஒரு சொல்லில் வழக்கத்தைவிட அதிகம் தங்கினால் பொருளைத் தானே காட்டியது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சொல் தெரியாததால் மட்டுமா கண் தங்கும்? யோசித்துக்கொண்டும் தங்கும், எழுத்துப்பிழையைப் பார்த்தும் தங்கும், ஒன்றுமில்லாமல் வெறித்துக்கொண்டும் தங்கும். விரல் அப்படித் தற்செயலாகத் தொடாது.

எந்தச் சொல் கடினம் என்று மென்பொருளே கணித்து முன்கூட்டியே கோடிட்டுக் காட்டும் முயற்சிகள் தனி. 2016-இல் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத 400 பேர் குறித்துத் தந்த தரவை வைத்து. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எனக்குக் கடினமான சொல் உங்களுக்கு அன்றாடச் சொல்லாக இருக்கும். பிரெஞ்சுக்காரருக்கு லத்தீன் வேர்ச்சொற்கள் எல்லாம் உறவுக்காரர்கள், நமக்கு அவை அந்நியர்கள். பொதுவான கடினம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்.

சரி, குறைகள். ‘புட் அப் வித்’ என்பதில் ‘புட்’டைத் தொட்டால் ‘வை’ என்று வரும். ‘அப்’பைத் தொட்டால் ‘மேலே’. ‘வித்’தைத் தொட்டால் ‘உடன்’. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்வது என்ற பொருள் எங்கிருந்து வரும்? துண்டுகள் அடுத்தடுத்து இருந்தாலாவது பரவாயில்லை. ‘டர்ன் தி ஆஃபர் டவுன்’ (வந்த வாய்ப்பை மறு) என்று நடுவில் ஆள் புகுந்துவிட்டால் பெரும்பாலான நீட்சிகள் கையை விரித்துவிடும். ‘ரன்’, ‘செட்’ போன்ற சொற்களைத் தொட்டால் அகராதி முழுவதும் குமிழுக்குள் கொட்டும். அதில் எது இந்த இடத்துக்கானது என்று தேடுவதற்குள் வாக்கியம் மறந்துவிடும்.

தமிழ்ப் பொருளே பூதமாக வந்து நிற்பதும் உண்டு. ‘கேஷ்’ (cache, அடிக்கடி வேண்டிய தரவைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் நினைவகம்) என்ற கணினிச் சொல்லைத் தொட்டேன், ‘பதுக்ககம்’ என்று வந்தது. கேஷ் என்றால் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும், பதுக்ககம்தான் தெரியாது. விளக்கத்துக்கு விளக்கம் தேட வைக்கும் பொருள் எதற்கு? பொதுவான பெயர்ச்சொற்களுக்குத் தமிழ்ப் பொருள், தொழில்நுட்பச் சொற்களுக்கும் ‘புட் அப் வித்’ போல முன்னிடைச்சொல் ஒட்டிய வினைகளுக்கும் எளிய ஆங்கில விளக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் பாதை சரிப்பட்டது.

இத்தனை குறை இருந்தும் இதை ஏன் பிடிக்கும் என்கிறேன்? மூலம் அசையாமல் இருக்கிறது. ‘புட்’டுக்கு ‘வை’ என்று வந்தால் அது பொருந்தவில்லை என்பது உடனே முகத்தில் அடிக்கிறது. தப்பு செய்யும், செய்ததும் காட்டிக்கொடுக்கும். அந்த நேர்மைக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

எளிய ஆங்கிலம்

வாக்கியத்தைத் தானாக எளிமையாக்கும் ஆராய்ச்சியின் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று 1996-இல் சந்திரசேகர், டோரன், ஸ்ரீநிவாஸ் மூவரும் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அவர்களை உறுத்தியவற்றில் ஒன்று மனிதர்கள் திணறுவது அல்ல, நீண்ட வாக்கியங்களைக் கண்டு, வாக்கிய உறுப்புகளைப் பிரித்தறியும் பகுப்பு மென்பொருள் திணறுவது. பிறகுதான் மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குறைந்தவர்கள், குழந்தைகள், ஆங்கிலம் கற்பவர்கள் என்று கவனம் திரும்பியது.

பல ஆண்டுகள் இந்தத் துறை விக்கிப்பீடியாவின் இரண்டு ஆங்கிலப் பதிப்புகளை, வழக்கமானதையும் எளிய ஆங்கிலத்தில் உள்ளதையும் இணையாக வைத்து மென்பொருளுக்குப் பாடம் நடத்தியது. 2015-இல் ஷூவும் உடனிருந்தவர்களும் அந்த இணைகளைக் கையால் சரிபார்த்தபோது ஏறத்தாழப் பாதி எளிமையாக்கமே அல்ல என்று தெரிந்தது. ஒன்றோடொன்று பொருந்தாதவை, அல்லது மாற்றியும் எளிதாகாதவை. அதற்கு மாற்றாக நியூசெலா நிறுவனத்தின் தொகுப்பை முன்வைத்தார்கள். 1,130 செய்திக் கட்டுரைகள், ஒவ்வொன்றையும் ஆசிரியர்கள் நான்கு வெவ்வேறு வாசிப்பு நிலைகளுக்கு மாற்றி எழுதியவை. இன்று சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்தபிறகு இந்தத் தொகுப்புகள் பழைய கதை மாதிரி தெரியலாம். “இதை எளிய ஆங்கிலத்தில் சொல்” என்றால் நொடியில் சொல்லிவிடுகிறது, அழகாகவும் சொல்கிறது.

இருந்தாலும் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, வாக்கியத்தை நறுக்கும்போது இணைப்பு அறுந்துபோவது. “சர்வர் நின்றுபோனாலும் தரவு அழியவில்லை.” இதை நறுக்கினால்: “சர்வர் நின்றது. தரவு அழியவில்லை.” இரண்டு வரியும் சிறுபிள்ளைக்குப் புரியும். ஆனால் ‘ஆலும்’ என்ற மூன்றெழுத்தில் இருந்த வியப்பு, அழிந்திருக்க வேண்டியது அழியவில்லை என்ற சேதி, காணாமல் போய்விட்டது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’வுக்கு இதே கதி. ஒவ்வொரு வரியும் எளிது, மொத்தம் எதைச் சொல்கிறது என்பது முன்பைவிடக் கடினம்.

இரண்டாவது, தயக்கச் சொற்கள் உதிர்வது. ‘மே காஸ்’ என்றால் ஏற்படுத்தக்கூடும். எளிமையாக்கத்தில் அது ஏற்படுத்துகிறது என்று ஆகிவிட்டால் மருத்துவப் பக்கத்தைப் படிப்பவர் அன்றிரவு தூங்கமாட்டார். எளிமையாக்கத்தில் உண்மை எங்கெங்கே பிசகுகிறது என்று தேவராஜும் உடனிருந்தவர்களும் 2022-இல் ஆராய்ந்தார்கள். தகவல் புதிதாக நுழைவது, விடுபடுவது, மாறிப்போவது என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். மென்பொருள் தந்த உரையில் மட்டுமல்ல, அதற்குப் பாடமாக வைக்கப்பட்ட தொகுப்புகளிலேயே இந்தப் பிசகுகள் இருந்தன.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் உதவிய ஆய்வு பழையது. யானோ, லாங், ராஸ் மூவரும் 1994-இல் 483 ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் ஒரே பகுதிகளை மூன்று வடிவங்களில் தந்தார்கள்: மூலம் அப்படியே, நறுக்கி எளிமையாக்கியது, மூன்றாவதாக விரித்து எழுதியது. விரித்து எழுதுவது என்றால் கடினமான சொல்லை நீக்காமல் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அதன் பொருளையும் சொல்லிச் செல்வது. நம் உரையாசிரியர்கள் செய்யுளைத் தொடாமல் பதவுரை எழுதினார்களே, அந்த மாதிரி. எளிமையாக்கிய வடிவத்தைப் படித்தவர்கள்தான் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் விரித்து எழுதியதைப் படித்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூலச் சொல்லை இழக்காமலேயே ஏறத்தாழ அதே புரிதல் கிடைக்கும் என்றால் இழப்பானேன்?

அதிலிருந்து என் வழக்கம் மாறியது. முழுப் பக்கத்தையும் எளிமையாக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்ட ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுத்து, “ஒரு சொல்லும் நீக்காமல், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் விளக்கம் எழுது” என்று கேட்கிறேன். வரும் விடையை மூலத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கம் முழுவதையும் கேட்டால் அப்படிச் சரிபார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

சொல்லைத் தொடாத வழி

நான்கில் இதை யாரும் பேசுவதில்லை. 2010-இல் எம்ஐடியைச் சேர்ந்த சென்-ஷியாங் யூ, ராபர்ட் மில்லர் இருவரும் ஜெங்கா வடிவம் என்று ஒன்றை முன்வைத்தார்கள். பத்தியில் ஒட்டிக் கிடக்கும் வாக்கியங்களைப் பிரித்து, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்படி திரையில் வைப்பது. ஒரு சொல்கூட மாறாது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்த 30 ஆசிய வாசகர்களிடம் சோதித்தார்கள். புரிதல் கூடியது, வாசிப்பு வேகம் குறையவில்லை. இதைச் செய்யும் ஃபிராகி என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியையும் உருவாக்கினார்கள்.

முப்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இது நடக்கக்கூடியதே என்று கண்ணைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கண்ணும் நேராக முன்னே போய்க்கொண்டே இருப்பதில்லை. பத்துக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று அதிகமான தாவல்கள் பின்னோக்கிப் போகின்றன. பழகாத மொழியில் இன்னும் அதிகம். அப்படித் திரும்பும் கண்ணுக்கு “வாக்கியம் இங்கே தொடங்கியது” என்று ஓர் அடையாளம் வேண்டும். நெருக்கி அடித்த பத்தியில் அது ஒரு சின்னப் புள்ளிதான். இடைவெளி இருந்தால் கண் தேடவேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மின்னவிட்டு வேகமாகப் படிக்கவைக்கும் செயலிகள் பத்தாண்டுகளுக்கு முன் அமளிப்பட்டன. ஷாட்டர், டிரான், ரேனர் மூவரும் 2014-இல் படித்து முடித்த சொற்களை மறைத்துக்கொண்டே வந்து, கண் திரும்பிப் பார்க்க முடியாமல் செய்து சோதித்தார்கள். புரிதல் சரிந்தது. தாய்மொழியிலேயே இந்தக் கதி என்றால் நமக்கு அந்தச் செயலிகள் எதற்கு?

வாக்கியத்துக்குள்ளேயும் போகலாம். லைவ் இங்க் என்ற முறை, 2005 வாக்கில் வாக்கரும் உடனிருந்தவர்களும் எழுதியது, ஒரே வாக்கியத்தைத் தொடர்களாக உடைத்துப் படிக்கட்டுபோல் அடுக்குகிறது. முன்பு பார்த்த பேட்ச் வாக்கியத்தின் ஆங்கில மூலத்தை அப்படி அடுக்கினால்:

தி பேட்ச்
— தட் தி டீம் ரிலீஸ்ட் லாஸ்ட் வீக்
ஃபிக்ஸஸ்
— ஒன்லி தி பக்
— — ரிப்போர்ட்டட் பை டெஸ்டர்ஸ்

ஓரத்தை ஒட்டி நிற்பவற்றை மட்டும் படியுங்கள்: பேட்ச், சரிசெய்கிறது. எழுவாயும் வினையும் கைகோத்து நிற்கின்றன. ‘ஒன்லி’ தன் வரியின் முதலில் நின்று என்னைப் பார் என்கிறது. நாம் தடுமாறும் இடத்தையே குறிவைத்த உதவி இது. நெடுநாள் பழகினால் அடுக்காத வாக்கியத்திலும் கண் தானாகவே வாலை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. என் அனுபவம் அது.

தப்பு செய்யுமா? செய்யும், சிரிக்கும்படியாக. வாக்கியம் பிரிக்கும் நீட்சி ஒன்றை நான் எழுதியபோது புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டு என்று சொல்லிவைத்தேன். “வெர்ஷன் 2.0” இரண்டு துண்டாகி, 2 ஒரு வாக்கியத்தின் முடிவிலும் 0 அடுத்ததின் தொடக்கத்திலும் போய் உட்கார்ந்தன. தமிழ்ப் பக்கத்தில் ஓடவிட்டபோது “எ.கா.” மூன்று வரியானது. ஆனால் பார்த்த கணமே தெரிந்தது. அதை நம்பி யாரும் கோப்பை நீக்கப்போவதில்லை.

நீட்சி எதுவும் இல்லாமலே பாதி வேலையை முடிக்கலாம். சஃபாரியில் 2010 முதலும் ஃபயர்ஃபாக்ஸில் 2015 முதலும் வாசிப்பு முறை இருக்கிறது. விளம்பரம், பக்கப்பட்டி எல்லாம் விலகி உரை மட்டும் நிற்கும். அதில் எழுத்தைப் பெரிதாக்கி, வரி அகலத்தைக் குறுக்கி, வரி இடைவெளியைக் கூட்டுங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் உச்ச நிலை ஒரு வரிக்கு 80 எழுத்துக்கு மேல் வேண்டாம், பத்திக்குள் வரி இடைவெளி ஒன்றரை மடங்கு இருக்கட்டும் என்கிறது. நான் இன்னும் குறுக்கி அறுபதில் வைத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்டின் இம்மர்சிவ் ரீடர் பெயர், வினை, உரிச்சொல் ஆகியவற்றுக்கு வேறு வேறு நிறம் பூசும், ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரி மட்டும் காட்டும். நிறம் எனக்குக் கண்ணைக் கூசுகிறது, வரி மறைப்பது பிடித்திருக்கிறது.

உரக்கப் படித்துக் காட்டும் வசதியைத் தனிப் பாதையாக நான் எண்ணவில்லை. நல்ல குரல் சரியான இடத்தில் மூச்சு விட்டால் அதுவும் தொடர் பிரிப்பதுதான், காதுக்கு.

அவளுக்கு என்ன சொன்னேன்

ஆங்கிலம் ஓரளவு தெரியும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது, படித்ததை வைத்து வேலை செய்யவேண்டும். அவளைப் போன்றவர்களுக்கு வரிசை இதுதான்: வாசிப்பு முறையும் குறுகிய வரியும் எப்போதும் இருக்கட்டும். அதன்மேல் தொட்டால் பொருள் காட்டும் நீட்சி. வாக்கியம் அப்போதும் புரியாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மொழி மாதிரியிடம் கொடுத்து விரிக்கச் சொல்லலாம். மொழிபெயர்ப்பு, இந்தப் பக்கம் எனக்கு வேண்டியதுதானா என்று எட்டிப் பார்க்க மட்டும். செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லும் வரியை மூலத்தில் படித்துவிட்டுத்தான் செய்வது.

“இது மெதுவா இருக்குமேண்ணா?”

“முதல் மாசம் இருக்கும்மா.”

கருவியைச் செய்யப்போகிறவர் கேட்டிருந்தாலும் நான் வரி பிரிப்பில் இருந்துதான் தொடங்கச் சொல்லியிருப்பேன். சர்வர் வேண்டாம், மாதிரி வேண்டாம், மாதச் செலவு இல்லை, உரை வெளியே போகவில்லை. சொற்பொருள் காட்டுவதில் இன்னும் தீராத வேலை நிறைய இருக்கிறது. நடுவில் பிளந்து நிற்கும் வினைத்தொடர்களை இடம் அறிந்து ஒரே தொடுதலில் பிடித்துத் தரும் நீட்சி எதுவும் இன்னும் என் கையில் சிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே ஒன்று செய்து காட்டினாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘அன்லெஸ்’, ‘அன்டில்’, ‘எக்செப்ட்’, ‘ஒன்லி’, ‘மே’, ‘ஆல்தோ’, ‘ரேதர் தேன்’ ஆகிய ஏழுக்கும் பின்னால் மஞ்சள் பூசிவிடுகிறது. இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட். பொருள் சொல்லாது, மொழிபெயர்க்காது, நில் என்று மட்டும் சொல்லும். மே மாதத்துக்கும் மஞ்சள் விழுகிறது என்று குறை சொன்னேன், விழட்டும் என்றாள். நேற்று எட்டாவதாக ‘ஓவர்சைட்’டைச் சேர்த்திருக்கிறாள். மேற்பார்வைக்கும் அந்தச் சொல்தான், கவனப்பிசகுக்கும் அந்தச் சொல்தான்.